டாக்டர் சொன்னதில் பாதி

மனைவி பேறுகால லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய மாதம் எங்கள் மகளுக்குக் கரப்பான் வந்தது. முதலில் முதுகில் சிவப்பாக ஒரு திட்டு. பிறகு தொடைக்குப் பின்னால், காதுக்குக் கீழே, கன்னத்தில். தோல் காய்ந்து வெடித்து நீர் கசியும். பிள்ளை தூங்காது. தலையைப் படுக்கையில் தேய்த்துத் தேய்த்து அழும். கையில் துணி சுற்றிவிட்டால் கன்னத்தைத் தோளில் உரசும். நானும் மனைவியும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நடப்போம். விடிந்தால் அவளுக்கு றப்பர் மரத்தில் பால் வெட்டும் மலை, எனக்கு அந்தப் பாலை ஷீட்டாக்கும் ஸ்டோர்.

கித்துல்கலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். நான் இங்கேயே பிறந்து சிங்களப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்தவன். மனைவி றக்வானை மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவோடு சரி. ஆஸ்பத்திரி, பொலிஸ், தபாற்கந்தோர் எங்கே போனாலும் அவளுக்கு நான்தான் வாய். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அடுத்த வீடு என் அக்காவுடையது. அவள் வந்து பிள்ளையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் மனைவியின் சோற்றுத் தட்டைப் பார்த்தாள்.

"கருவாடு தின்னுட்டுப் பாலு குடுத்தா கரப்பான் வராம வேற என்னா வரும்?"

அன்றைக்குக் கருவாடு நின்றது. அடுத்த கிழமை கத்தரிக்காய். அதன் பிறகு முட்டை, டின் மீன், பலாக்காய். கடைசியில் வெள்ளைச் சோறும் மிளகுத் தண்ணியும் பூண்டும்தான் மிச்சம். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. பத்தியம் சொன்னது அக்கா, காவல் இருந்தது நான். பிள்ளை கூடுதலாக அழுத ஒரு நாள், "இன்னைக்கி என்னா தின்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க. மலையில அவிச்ச பலாக்கொட்ட ரெண்டு குடுத்தாங்க. பசி தாங்கல."

லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவள் அதற்குப் பிறகு பலாக்கொட்டையைக் கையாலும் தொடவில்லை.

இத்தனைக்கும் பகலில் பிள்ளை நன்றாகத்தான் தூங்கியது. தாய்மார் வேலைக்குப் போனால் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்காம்பரா இருக்கிறது. அங்கே சேலைத் தொட்டில்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருநாள், "ஓங்க புள்ள இங்க சத்தமே போடாதுங்க, நல்லா தூங்குது" என்றார். இருமல் மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தோட்டத் துரையிடம் சொல்வேன் என்று மிரட்டினேன். நல்ல சேதி சொன்ன மனுஷியை அழ வைத்து அனுப்பினேன்.

பிள்ளைக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது மனைவி மலையில் மயங்கி விழுந்தாள். வாளிப் பால் சரிவில் கொட்டிப்போனது. அதற்குப் பிறகுதான் தாயையும் பிள்ளையையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

தோல் வருத்தம் பார்க்கும் டாக்டரம்மா சிங்களத்தில் வேகமாகக் கேட்டார், நான் பதில் சொன்னேன். பகலில் பிள்ளை எதில் படுக்கிறது? சேலைத் தொட்டிலில். இரவில்? மெத்தை நனையாமல் இருக்க நானே ஸ்டோரிலிருந்து ஒரு றப்பர் ஷீட் கொண்டு வந்து விரித்திருப்பதாகவும், மேலே ஒரு மெல்லிய துணி போடுவதாகவும் பெருமையாகச் சொன்னேன். எத்தனை மாதமாக என்று கேட்டார். கணக்குப் பார்த்தேன். கரப்பான் வருவதற்கு இரண்டு கிழமை முந்தித்தான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். றப்பரும், அதை உறைய வைக்க ஊற்றும் ஆசிட்டும் சில பிள்ளைகளின் தோலுக்கு ஒத்துவராது, வேர்வையும் மூத்திரமும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்றார். இதுதான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாது, ஷீட்டை எடுத்துவிட்டு இரண்டு கிழமை பாருங்கள் என்றார். பிறகு என் மனைவியைக் காட்டி, இவள் ஏன் இப்படி வற்றிப் போயிருக்கிறாள் என்று கேட்டார். பத்தியத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மாட்ட ஹொந்தட கன்ன தென்ன" என்றார். தாய்க்கு நன்றாகச் சாப்பிடக் கொடு. இரண்டு தரம் சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "டாக்டரம்மா என்னா சொன்னாங்க?"

"பூச மருந்து குடுத்திருக்காங்க."

"என்னயக் காட்டி என்னமோ கோவமா சொன்னாங்களே. சாப்பாட்டப் பத்தியா?"

"ஒடம்ப பாத்துக்கச் சொன்னாங்க. வேற ஒண்ணுமில்ல."

இரண்டு பாஷை தெரிந்த வாய் இரண்டிலும் மூடிக்கொண்டது. பயமில்லை, வெட்கம். மூன்று மாதமாக அவள் தட்டைத் துழாவியவன், குற்றம் என் கையால் விரித்த படுக்கையில் என்று எப்படிச் சொல்வது? நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று பின்னேரமே, மூத்திரம் மணக்கிறது என்று சொல்லி ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போய் எறிந்தேன்.

இரண்டு கிழமையில் தோல் ஆறியது. பிள்ளை விடியும்வரை தூங்கினாள். அக்கா வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, பத்தியம் வேல செஞ்சிருச்சி. இன்னம் மூணு மாசத்துக்கு விட்றாத" என்றாள். மனைவி எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை. பத்தியம் இறுகியது. அவள் இன்னும் மெலிந்தாள். பால் குறைந்தது. பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். எட்டாம் மாதத்தில் பால் அடியோடு நின்றது. பிள்ளைக்கு டின்னில் வரும் மாப்பால் கரைத்தோம்.

பிள்ளைக்கு ஒரு வயதான சமயம், லயத்துக் கடைசி வீட்டுப் பையனுக்குக் குழந்தை பிறந்தது. அவன் வந்து, "அண்ணே, நீங்க புள்ளைக்கிப் போட்ட மாதிரி எங்களுக்கும் ஒரு ஷீட் எடுத்துக் குடுங்க" என்றான். மனைவி அடுப்படியில் இருந்தாள். இன்னொரு பிள்ளையையும் தலையைத் தேய்த்து அழவிட என்னால் முடியவில்லை.

"வேணாம்டா. எங்க புள்ளைக்கி அதுலதான் வந்திச்சி. டாக்டர் சொன்னாங்க."

அவன் போன பிறகு மனைவி வந்து நின்றாள். "அன்னைக்கே சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஒன்னய நல்லா சாப்பிடவும் சொன்னாங்க."

ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப என் பாலு நல்ல பாலுதானா?"

"நல்ல பாலுதான்" என்றேன். அது நின்று அப்போது நாலு மாதமாகியிருந்தது.