ஒரே பேனாவில் கேள்வியும் பதிலும்

தாலுகா போர்டு மெம்பர் அழகுசுந்தரம் மேடையில் வாயைத் திறந்தால் வருவது மாயக்கண்ணனின் தமிழ். மாயக்கண்ணன் காரைக்குடியில் மனு எழுதிப் பிழைத்தவர். மெம்பருக்குச் சொத்தும் குரலும் தாராளமாக இருந்தன. சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. அந்தக் குறையை இவர் பத்து வருஷமாகத் தீர்த்துவந்தார். கைம்மாறாக வருஷத்துக்கு மூன்று மூட்டை நெல்லும், மெம்பர் வீட்டில் உட்கார ஒரு நாற்காலியும் கிடைத்தன.

மெம்பர் எந்த ஊருக்குப் போனாலும் ஊர்க்காரர்கள் உபசாரப் பத்திரம் வாசிப்பார்கள். அதில் முக்கால்வாசி புகழ்ச்சி, மிச்சம் கோரிக்கை. பிறகு மெம்பர் எழுந்து பதில் சொல்வார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்திரம் எழுதத் தெரிந்தவரும் மாயக்கண்ணன்தான் என்பதால், காலையில் ஊருக்காகக் கேட்பதும் மாலையில் மெம்பருக்காக மழுப்புவதும் ஒரே பேனா. இதில் அவருக்கு வெட்கம் இல்லை, கர்வம்தான் இருந்தது. 'இக்கோரிக்கை என் நெஞ்சை விட்டு அகலாது' என்று எழுதுவார். அகலாது, நெஞ்சிலேயே கிடக்கும், அவ்வளவுதான்.

1929ஆம் வருஷம் மெம்பர், மாயக்கண்ணனின் சொந்த ஊருக்கே வருவதாக ஏற்பாடானது. அந்த ஊரில் குடிதண்ணீர்க் கிணறு இல்லை. பெண்கள் கோவிலூர்ப் பக்கம் ஒன்றரை மைல் நடந்து குடம் சுமந்தார்கள். அவர் மனைவி காளியாயியும் அப்படித்தான் சுமந்தாள். ஊருக்காகக் கிணறு கேட்டு உருக்கமாக எழுதி முடித்தார். பதில் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. 'வெட்டித் தருகிறேன்' என்று எழுதினால் மெம்பர் அப்படியே வாசித்துவிடுவார். பிறகு தன் இஷ்டத்துக்கு வாக்கை நுழைத்த விஷயம் தெரிந்தால் நெல்லும் நாற்காலியும் போய்விடுமே. பயம் ஜெயித்தது. 'உங்கள் தாகத்தைத் தீர்க்கும் எண்ணம் என் உள்ளத்தில் ஊறிக்கொண்டே இருக்கிறது' என்று எழுதினார். எழுதியதை இரண்டு தடவை படித்து ரசிக்கவும் செய்தார், பாவி மனிதர்.

மெம்பர் வெண்கலக் குரலில் அதை வாசித்தார். ஊரே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் காளியாயி.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே அம்புட்டுத் தூரம் நடக்க வேணாம். கிணறு வெட்டித் தாரேன்னு மெம்பர் சொல்லிட்டாக" என்றாள்.

"அப்படி எங்க சொன்னாக?"

"உள்ளத்துல ஊறுதுன்னு சொன்னாகளே, அதுக்கு வேற என்ன அர்த்தமாம்? நீங்க எங்குட்டுப் பராக்குப் பாத்துக்கிட்டு இருந்தீக?"

இத்தனை வருஷமாக எத்தனை ஊர்களில் எத்தனை பேர் இப்படி நம்பிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் மாயக்கண்ணனுக்கு உறைத்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் மெம்பர் வீட்டுக்குப் போனார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அய்யா, எங்க ஊருக்குக் கிணறு வெட்டித் தாரேன்னு நேத்துச் சொன்னீகளே, எப்ப ஆரம்பிக்கலாம்?"

மெம்பர் வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். தான் பேசியது எதுவும் அவருக்கு நினைவில் நின்றதே இல்லை.

"நான் அப்படியா சொன்னேன்?"

"எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான். ஊர் முன்னால சொல்லியாச்சு, இனி என்ன செய்ய? ஓவர்சீயரை வரச் சொல்லு."

ஆடி முடிவதற்குள் கிணற்றில் தண்ணீர் கண்டுவிட்டது. அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு, தான் சொன்ன சொல் தவறாதவர் என்று ஒரு வரி சேர்க்கும்படி மெம்பர் கேட்டுக்கொண்டார். மாயக்கண்ணனும் சேர்த்தார். அந்தப் பத்து வருஷத்தில் மெம்பர் நிறைவேற்றிய ஒரே வாக்கு, மாயக்கண்ணன் எழுதிக் கொடுக்காத வாக்கு.