ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கிய சினைமாடு

நியூசிலாந்தில் எனக்குப் பால் சோதிக்கும் வேலை. தினமும் காலையில் சின்னப் புட்டிகளில் பண்ணைப் பால் வந்து இறங்கும்; கொழுப்பு எவ்வளவு, கிருமி உண்டா என்று பார்த்துச் சொல்வேன். புட்டிக்கு ஓர் எண், அவ்வளவுதான். நாள் முழுக்கப் பாலோடு கிடந்தும் இந்த நாட்டு மாடு ஒன்றைக்கூட நான் இன்னும் தொட்டதில்லை. ஒருநாள் உடன் வேலை பார்க்கும் பிரையனிடம் எங்கள் சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் பசுவின் படத்தைக் காட்டினேன். எத்தனை லிட்டர் கறக்கும் என்றான். கன்று குடித்தது போக ஒன்றோ ஒன்றரையோ என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "பாவம், என்ன நோய்? டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். நோயில்லை, அது அப்படித்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவன் மண்டையில் ஏறவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் அவன்மேல் இல்லை. அதே லிட்டர் கேள்வியை எங்கள் குடும்பத்து அண்ணனே கேட்டிருக்கிறார்.

காரைக்குடியில் எங்கள் பாட்டையா வைத்துவிட்டுப் போன அறக்கட்டளை ஒன்று உண்டு. பெரியப்பா மகன் முத்து அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். புலிக்குளம் மாட்டைக் காப்பாற்றுவோம் என்று முடிவானதும் எல்லோரும் ஒரே குரலில் கட்டிடம் கட்டுவோம் என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு நல்லது செய்யத் தோன்றினால் முதலில் கொத்தனாரைத்தான் கூப்பிடுவார்கள். வலையபட்டியில் தேக்குத் தூண்களோடு கொட்டகை எழுந்தது. தரைக்குப் பூப்போட்ட, வழவழப்பான ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லைக் கைப்பேசியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான். அதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

விடுப்பில் போய் நானும் நின்றேன். நாள் பார்த்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி, மாட்டுக்குப் புதுமனை புகுவிழா. மந்தையை ஊர் ஊராக ஓட்டிப்போய் வயல்களில் கிடை போட்டு எரு சேர்க்கும் சோணை, மாடுகளோடு வந்திருந்தார். முதலில் ஏறிய சினைமாடு பின்னங்கால் இரண்டும் விரிந்து அப்படியே விழுந்தது. எட்டுப் பேர் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கினோம். வயிற்றுக் கன்று தப்பியது தெய்வச் செயல். சோணை திட்டவில்லை.

"இதுக ஒருநாளும் கூரைக்குள்ள நின்னதில்ல ஆச்சி. மேய எடமில்ல, கிடை போட எடமில்ல. எங்குட்டுப் போனாலும் பிளாட்டுக் கல்லு நட்டிருக்காக. ஆடிக்குள்ள ஒரு வழி பொறக்கலைன்னா மந்தைய வித்துப்புடுவேன்" என்றார்.

மந்தை போனால் அதன் இனம் பெருக்கும் பொலிகாளையும் போகும். அப்புறம் அறக்கட்டளை எதைக் காப்பாற்றும், தேக்குத் தூணையா?

புதுவயல் பக்கம் அறக்கட்டளைக்கு ஊருணியோடு பெரிய தரிசு உண்டு. அதை அரிசி ஆலை லாரிகள் நிறுத்த வாடகைக்கு விடுவதாக அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். மந்தைக்கு விடுங்கள் என்றேன்.

"எத்தன லிட்டரு கறக்கும்? அந்தப் பாலுக்கு அம்புட்டு நெலமா? உமையா, நீ அங்குட்டு இருக்கவ. கட்டிக்குடுத்த பொண்ணு வேற. இதுல ஒனக்குக் கையெழுத்து இல்ல, தெரியுமுல்ல?"

தெரியும். கல்யாணமானதும் மகள் பிறந்த வீட்டுக் கோயிலை விட்டுப் புருஷன் கோயிலுக்குப் போய்விடுவாள். அறக்கட்டளையிலும் அதே வழக்கம்.

"கையெழுத்து இல்லண்ணே, வாய் இருக்கு" என்றேன்.

நியூசிலாந்து திரும்பியதும் கையெழுத்து உள்ளவர்கள் ஒருவரையும் விடவில்லை. மாடு விழுந்து கிடந்த படத்தை எல்லோருக்கும் அனுப்பினேன். "கல்லப் பேத்துட்டுச் சிமெண்டு போட்டாப் போதாதா ஆத்தா?" என்றார் சிங்கப்பூரில் இருக்கும் இன்னொரு அண்ணன். போதாது என்றேன். மஞ்சுவிரட்டில் காளைக்குக் கைதட்டுகிறோமே, அதைப் பெற்ற பசு எங்கே மேயும் என்று ஒருவராவது கேட்டோமா என்றேன். வெளியூரில் கிடப்பவள் உள்ளூர் விஷயம் பேசக்கூடாதாம். என்னைப்போல் வெளியே கிடப்பவர்களே, இந்தப் பேச்சுக்கு அடங்காதீர்கள். நன்கொடை கேட்கும்போது மட்டும் நாம் உள்ளூர்தானே!

ஆனி கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. தரிசு மந்தைக்கே, பொலிகாளைகளின் தீவனமும் வைத்தியமும் அறக்கட்டளையின் பொறுப்பு. கொட்டகையில் வைக்கோல் அடுக்கியாயிற்று. கடைசியாகக் கையெழுத்துப் போட்ட முத்து அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

கிடையில் பலருடைய மாடும் கலந்து மேயும். உடையவர் எங்கே இருந்தாலும் மாடு அவர் பேரில் நிற்கும். நானும் ஒரு கிடாரி வாங்கி விட்டிருக்கிறேன். "ஆச்சி மாடுன்னே கூப்புடுறோம். நீங்க எப்ப வாரீக?" என்று போனில் கேட்டார் சோணை. எனக்கே தெரியவில்லை. இந்த நாட்டில் தங்க இன்னும் அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிறந்த வீட்டு நிலத்திலோ எனக்கு உரிமையில்லை. அந்த நிலத்தின் நடுவில் என் மாடு கால் மடக்கிப் படுத்து அசைபோடுகிறது. தைரியம் இருப்பவர்கள் போய் எழுப்பிப் பார்க்கட்டும்.