எஸ்தர் அக்கா வெட்டிய விரிசல்

போன வாரம் வெள்ளிக்கிழமை காலை கம்பத்திலிருந்து எஸ்தர் அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாகண்ணே. நெஞ்சுவலின்னாக, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏன் என்று அவரை அறிந்தவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

பழனிசெட்டிபட்டியில் வீடுகளுக்குப் பிளான் போடும் ஆபீஸில் வேலை பார்த்தவர் அக்கா. பழைய கட்டடங்களை டேப் பிடித்து அளந்து நோட்டில் கோட்டுப்படமாக வரைவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் அச்சகத்துக்கு வந்து, அதையே ரப்பர் மாதிரியான லினோ தகட்டில் உளியால் வெட்டி, மை உருட்டி, ஒவ்வொன்றாக அச்செடுப்பார்; வெட்டிய இடம் தாளில் வெள்ளையாக விழும். கம்பத்துத் திராட்சை மண்டி ஒன்றைச் செய்தபோது, வாசலில் அறுந்து தொங்கிய வயரைக்கூட விடவில்லை. "அதை எடுத்துட்டா லட்சணமா இருக்கும்க்கா" என்றேன். "லட்சணத்துக்குப் போட்டோக்காரன் இருக்கான். நான் அளக்க வந்தவ" என்றார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் கேட்டது. அக்கா வெட்டித் தந்த படத்தில், நாலாம் வகுப்பின் கறுப்புச் சுவரில், கூரையிலிருந்து ஜன்னல் வரை வெள்ளைக் கோடாக ஒரு விரிசல். அதை எடுக்கச் சொன்னார் தாளாளர். அக்கா முடியாது என்றார். தாளாளர் என்னிடம் வந்தார். நான், வாடிக்கை போய்விடக் கூடாதென்று, தகட்டில் அந்த விரிசல் பள்ளத்தை, பெயின்டர்கள் பூசும் பட்டி வைத்து அடைத்து அச்சடித்துக் கொடுத்தேன்.

மலரைப் பார்த்துவிட்டு அக்கா வந்தார். சத்தம் போடவில்லை. "ஏலே, லினோவுல அடைச்சுட்ட. செவுத்துல ஆரு அடைக்கிறது? அங்கன பிள்ளைக உக்காந்திருக்குதுக." அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மனு எழுதிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் மூன்று தடவை போனார். மூன்று தடவையும் காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

நேற்று அதே பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம். மேடைக்குப் பின்னால், ஃபிளெக்ஸில், நான் கெடுத்த அந்தப் படம். "நம் பள்ளியை எவ்வளவு அழகாக வரைந்தார்" என்று தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. எழுந்து நேரே நாலாம் வகுப்புக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன்.

இன்று தகட்டிலிருந்து பட்டியைச் சுரண்டி எடுத்தேன். அக்கா வெட்டிய விரிசல் ஜன்னலோடு நிற்கிறது. சுவரில் அது இப்போது தரையைத் தொட்டுவிட்டது. மிச்சத்தை, அவர் என் அச்சகத்தில் விட்டுப்போன உளியால் நானே வெட்டினேன். கோடு கோணல்தான்; அவர் கை எனக்கு வராது. அந்த வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒன்று என்று அச்செடுத்து வைத்திருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த உளியும், இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்த அவர் கோபமும்தான்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். அக்காவுக்கு அஞ்சலி செலுத்த வருகிறவர்கள் மாலை கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளை அந்த வகுப்பிலிருந்து வெளியே கூட்டிவர ஆள் வேண்டும்.