பாய்மரக் கப்பலின் கொடிகள்

கொடி செய்யும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. மதுரைக் கோச்சடையில், மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள அறையில், சித்திரை வெயிலில் அது என்ன பாடு என்று சைனப்பைத்தான் கேட்க வேண்டும். பட்டக் காகிதத்தை நகத்தளவு வெட்டி, இரண்டு பக்கமும் வண்ணம் தீட்டி, நீர்த்த பசையில் நனைத்து, ஈரம் காயுமுன் ஊசியால் மடிப்பு விழ வைக்க வேண்டும். மடிப்பு கம்பத்தின் மேல்முனையிலிருந்து சாய்ந்து இறங்கினால்தான் துணி போலிருக்கும். நேராக விழுந்தால் தகரக் கூரை.

கணவர் அப்துல் ஹலீம் சரக்குக் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேனாக இருந்தவர். இயந்திர அறை ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது, கால்கள் தாங்குவதில்லை. கட்டிலில் சாய்ந்தபடி மாதிரிக் கப்பல்கள் செய்கிறார். கொச்சியில் ஒரு கடை வாங்கிக்கொள்கிறது. அவருடைய தடித்த விரல்களுக்குக் கொடி மட்டும் வசப்படவில்லை.

உசிலம்பட்டியில் பெண்களுக்கான தையல் பயிற்சி நிலையத்தில் சைனப்புக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். "இந்தக் கப்பல் முடியட்டும்" என்றார் ஹலீம். முன்பு நழுவிப்போன வேலைக்கும் ஒரு கப்பல்தான் காரணம். அதனால் இந்த முறை சனிக்கிழமையே எல்லாக் கொடிகளையும் செய்து ஒட்டிவிட்டாள்.

ஹலீம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏ புள்ள, இதென்ன கட்சிக்காரன் காரா?"

"ஏன் மச்சான்?"

"கொடியெல்லாம் பின்னால பறக்குது. இது பாய்மரம். காத்து பின்னாலருந்து தள்ளுது. பாய் முன்னால உப்பியிருக்கு பாரு, கொடியும் முன்னாலதான பறக்கணும்?"

இதுவரை அவள் கொடி செய்ததெல்லாம் இயந்திரக் கப்பல்களுக்கு. பாய்மரம் இதுதான் முதல்.

"பாயத் திருப்பி வைங்களேன்."

"அது சரி, கப்பலயே பின்னால ஓடவிட்ருவோம்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு கொடியை மெல்ல இழுத்துப் பார்த்தாள். கிழிந்தது.

"அம்புட்டையும் புதுசாத்தான் செய்யணும். ஒரு ஞாயித்துக்கெழமைல முடியுமா? திங்கக்கெழம எப்பிடிப் போவ?" என்றார் ஹலீம்.

"போறேன். சாயந்தரம் வந்து செய்றேன். கொடிதான, எங்கயும் ஓடிறாது."

அவர் பசைக் கிண்ணத்தை மூடினார். மறுபடி திறந்தார்.

"பகல்ல ஒண்ணுக்கு வந்தா என்னைய யாரு தூக்குவா, சைனப்பு?" என்றார், சுவரைப் பார்த்து.

ஒவ்வொரு முறை கப்பலைச் சாக்குச் சொன்னபோதும் அவர் சொல்ல வந்தது இதைத்தான். கொடி என்று சொன்னவரோடு அவளால் சண்டை போட முடிந்தது. இதற்கு எப்படிச் சண்டை போடுவது?

அடுப்படிக்குப் போய் நிலையத்து மேடத்துக்கு போன் செய்தாள்.

"மேடம், சாயந்தர வகுப்பு ஏதும் இருக்கா?"

"இல்லையேம்மா, பகல்ல மட்டுந்தான். ஏன், வரலையா?"

"வரல மேடம்."

திரும்பி வந்தபோது ஹலீம், "யாருகிட்ட பேசுன?" என்றார்.

"ராங் நம்பரு. இப்ப ஒண்ணுக்கு வருதா?"

"ம்."

அவர் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து, தன் தோளில் அவர் பாரத்தை வாங்கிக்கொண்டு எழுப்பினாள்.