கடைசி வீட்டின் மேல் சாய்ந்த மரம்

போன வாரம் அடித்த காற்றில், ரவாங்கில் எங்கள் தொழிற்சாலைக்குப் போகும் சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. இரண்டு பேர் செயின்சாவால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கார்க் கண்ணாடியை இறக்கியதுதான் தப்பு. பச்சை மரம் அறுபடும் வாசனை உள்ளே வந்துவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டேன்.

நான் வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டை ஒட்டி இதே மாதிரி ஒரு மரம், இதைவிட இரண்டு மடங்கு பெரியது. அடியில் முனியாண்டியின் சூலம். அந்த நிழலில்தான் சைக்கிள் பழகினேன்; முன்பல்லை உடைத்துக்கொண்டதும் அங்கேதான்.

எனக்கு இருபது வயதானபோது, வேரில் கறையான் ஏறிவிட்டது, மரத்தை வெட்டப்போகிறோம் என்றது தோட்ட நிர்வாகம். அப்போது நான் கோயில் இளைஞர் குழுவின் செயலாளர். பெரிய பதவி இல்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான். வெட்டக் கூடாது என்று மனு எழுதி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினேன். கடைசி வீட்டு லெட்சுமி அக்கா மட்டும் மறுத்துவிட்டார்.

"சாமிக்குத்தம் ஆயிரும்க்கா," என்றேன்.

"கெளையெல்லாம் எங்கூட்டு மேலதானே தம்பி நிக்குது. ஒங்கூட்டு மேலயா நிக்குது?"

அவருடைய கணவர் மணியம் அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "விடு லா. முனியாண்டி நம்மள கைவிட்ருவாரா?" என்று பேனாவை வாங்கி அவரே கையெழுத்துப் போட்டார்.

நிர்வாகம் இறங்கி வந்தது. கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு பிற்பகலில் காற்று வந்தது. காலையில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்த அண்ணன் உள்ளே படுத்திருந்தார். அக்கா கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே வந்திருக்கிறார். சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது வீடு தெரியவில்லை, இலைகள்தான் தெரிந்தன.

முதலில் அண்ணனின் குரல் கேட்டது. "காலு மாட்டிக்கிச்சு, மெதுவா இழுங்க." எங்களிடம் இருந்தவை இரண்டு கோடரிகள். பெர்ஜுந்தாயிலிருந்து செயின்சா வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததாம். அறுத்து முடித்தபோது அவர் பேச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அதுவரை அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

கருமாதி அன்று அக்கா முன்னால் போய் நின்றேன். "என்னாலதான்க்கா..."

"நீ மட்டுமா? எல்லாருந்தானே போட்டாங்க. அவரும் போட்டாரு."

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

அந்த மாதமே அக்கா பிள்ளையோடு கலும்பாங்கில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். லயத்தை இடித்து அங்கேயும் செம்பனை நட்டார்கள். ஒருமுறை அந்த இடத்தைத் தேடிப் போனேன். எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் ஒரே மாதிரி வரிசைகள். குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துக்காரர், இங்கே வீடுகளா இருந்தன என்று மலாய் மொழியில் கேட்டார். ஆமாம் என்று கையை நீட்டிக் காட்டினேன். காட்டிய இடம் சரிதானா என்று எனக்கே தெரியவில்லை.