சாயங்காலம் விரியும் பீர்க்கம்பூ

மாடம்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடிப் பீர்க்கங்கொடியின் பிஞ்சுகளை அணில்கள் கடித்துப் போட்டன. பக்கத்து மாடிச் செல்வி தினமும் காலையில் கைப்பிடிச் சுவரில் அரிசி வைப்பதால்தான் அவை வருகின்றன என்று அவளிடம் சண்டை போட்டேன். அதன்பிறகு பேசவே இல்லை. கொடி முழுவதையும் வலையால் மூடினேன்.

நான் அறிவியல் ஆசிரியை. மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ வர வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் காலை ஏழு மணிக்கு வலையை விலக்கி, பள்ளிக்குக் கிளம்பும்வரை கையில் குச்சியோடு அணிலுக்குக் காவல் நின்று, கிளம்பும்போது மறுபடி மூடினேன். இரண்டு மாதம் ஒரு நாளும் தவறவில்லை. ஆனாலும் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தன.

ஒரு ஞாயிறு மாலை, கொடியை வெட்டிவிடுவதென்று கத்தரிக்கோலோடு மாடி ஏறினேன். காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த செல்வி, "வெட்டாதீங்க டீச்சர்" என்றாள். "பீர்க்கம்பூ சாயங்காலந்தான் விரியும். அணிலும் அதுக்குள்ள அடங்கிடும். அப்ப தொறந்து வைங்க, போதும்."

திரும்பிப் பார்த்தேன். வலைக்குள் மஞ்சள் பூக்கள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. வெளியே ஒரு தேனீ நுழைய இடம் தேடிச் சுற்றியது. வருடா வருடம் இந்தப் பாடத்தை எடுக்கும் நான், காலையில் வாடிய பூக்களுக்குத்தான் காவல் நின்றிருக்கிறேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் எங்கிட்ட பேசறதில்லையே, டீச்சர்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வலையை அவிழ்த்தேன்.

இந்த முறை காய்க்க வைக்காமல் விடப்போவதில்லை. தினமும் மாலை ஐந்தரைக்கு வலையைத் தூக்கிக் கட்டுகிறேன். இருட்டியதும் மூடுகிறேன். தூக்கிக் கட்டியவுடன் பக்கத்து மாடியைப் பார்த்து, "செல்வி, தொறந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறேன்.