முனிவேலின் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள்

முனிவேலின் கண்ணுக்குக் கீழே யாரோ சுருக்குப்பை கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள், ராத்திரி ஊற்றிக்கொண்டான் என்பார்கள். இல்லாவிட்டால் தூங்கவே இல்லை என்பார்கள். இரண்டும் அபாண்டம். தூக்கத்தை அவர் அளவுக்கு மதித்த மனுஷன் நாகரசம்பட்டியிலேயே கிடையாது.

அவர் ஓட்டுவது கம்பெனி பஸ். விடியும் முன்பே ஊரில் கிளம்பி, கிருஷ்ணகிரி, சூளகிரி என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூரில் முதல் ஷிஃப்டுக்கு இறக்கிவிட வேண்டும். ஏறுகிறவர்கள் சீட்டில் சாய்ந்ததுமே குறட்டைதான். அத்தனை பேர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் ஒருத்தன் முன்கூட்டியே தூங்கி முடித்திருக்க வேண்டும் என்பது முனிவேல் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். கோழி அடையும்போதே அவரும் படுத்துவிடுவார். சொந்தத் தங்கை மகள் ரிசப்ஷனுக்குக்கூடத் தலைகாட்டவில்லை. மறுநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு கல்யாணப் பந்தியில் வந்து உட்கார்ந்தார். தாய்மாமன் இல்லாமல் அது என்ன ரிசப்ஷன் என்று தங்கை வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதிதாக வந்த டிரான்ஸ்போர்ட் மேனேஜர் ஹரீஷ்குமாருக்கு இந்தக் கதையெல்லாம் எப்படித் தெரியும்? கண்ணில் பட்டது அந்தப் பைகள்தான்.

"தூங்காத டிரைவர் கையில பஸ்ஸக் குடுக்க முடியாதுங்க முனிவேல். ஒரு மாசம் பாக்கறேன். கண்ணு இப்படியே இருந்தா ஷெட்ல வண்டி கழுவற வேலைதான்."

"நான் நல்லாத்தான் சார் தூங்கறேன்."

"உங்க கண்ணு வேற சொல்லுதே."

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பஸ் நிறைய உயிர் இருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் பஸ்ஸே வைத்தியசாலை ஆகிவிட்டது. பின் சீட்டு ரஞ்சிதா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி வைக்கச் சொன்னாள். இன்னொருத்தர் ஃப்ரிட்ஜில் வைத்த ஸ்பூன் என்றார். பாகலூர் பஸ் ஓட்டும் ஆஞ்சப்பன், பாதி தெலுங்கும் பாதி கன்னடமுமாகப் புகழ்ந்து ஒரு களிம்பைக் கொடுத்தார். அதைப் பூசியதில் கண் இன்னும் வீங்கிப்போனது. கடைசியில் கிருஷ்ணகிரியில் கண் டாக்டரிடம் போனார்.

"இது பரம்பரை வாகு, வயசும் சேர்ந்துருச்சு. பயப்பட ஒண்ணுமில்ல. உப்பைக் குறைங்க, தலையை உசத்திப் படுங்க, காலையில குளிர்ந்த துணி வைங்க. வீக்கம் வடியும். பை முழுசாப் போகாது," என்றார் டாக்டர்.

உப்பைக் குறை என்றால் ஊறுகாயை விடு என்று அர்த்தம். மாந்தோப்பு ஊரில் பிறந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? மனைவி வெங்கடம்மாள் ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்துவிட்டாள். மனுஷன் முணுமுணுக்கவில்லை, உப்பு குறைந்த கீரைக் கடைசலில் களியை உருட்டி விழுங்கினார். இரண்டு தலையணை வைத்தார், ஈரத்துணி வைத்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பைகள் மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை.

கெடு முடியும் சமயத்தில் ஹரீஷ்குமார் சொல்லாமல் கொள்ளாமல் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினார். முனிவேல் கண்ணயர்ந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குப் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

முனிவேல் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வண்டி கழுவப் போகுமா? ஆனால் பார்வை ரோட்டை விட்டு நகரவில்லை. குருபரப்பள்ளி தாண்டி லாரி ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. தூங்குகிறவர்களின் தலைகூட ஆடாதபடி பிரேக்கை மிதித்து வண்டியை ஒதுக்கினார். அந்த அருமையான காரியத்துக்குப் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பிப் பார்க்க முனிவேலுக்கும் தைரியம் இல்லை.

ஓசூரில் கம்பெனி வாசல் வந்தது. எல்லோரும் கொட்டாவி விட்டபடி இறங்கினார்கள். மேனேஜர் மட்டும் இறங்கவில்லை. கம்பியில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ரஞ்சிதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

முனிவேல் அவர் தோளை மெல்லத் தொட்டார். "சார், கம்பெனி வந்துருச்சுங்க."

ஹரீஷ்குமார் திடுக்கிட்டு எழுந்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். காலி பஸ்ஸையும் முனிவேலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு பஸ்ல தூக்கமே வராதுங்க," என்றார். "நாளைக்கும் நீங்கதான ஓட்டப் போறீங்க? எனக்கும் ஒரு சீட்டு வைங்க."